சிரட்டை மூடாத புகைக்குழாய்

மதிப்புக்குரிய ஆயில் எஞ்சின் மெக்கானிக் அண்ணாச்சிமார்களுக்கு,

சங்கரன்கோவில், கழுகுமலை, கயத்தாறு பக்கமெல்லாம் சைக்கிள் கேரியரில் சாமான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிணறு கிணறாகப் போனவர்கள் நீங்கள். உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். என்னை உங்களுக்கு நினைவிருக்காது. நீங்கள் எஞ்சினைப் பிரித்துப் போட்டால், மண்ணெண்ணெய்ச் சட்டி முன்னால் குத்தவைத்து நட்டு போல்ட்டைக் கழுவிக் கொடுக்க ஊருக்கு ஒரு பொடியன் இருப்பானே, அவர்களில் ஒருத்தன் நான்.

இப்போது இங்கிலாந்தில், பர்மிங்காமுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பிழைப்பு கம்ப்யூட்டரில். போன மாதம் இங்கே ஒரு கால்வாய்க் கரையில், 11 வருடமாகப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்த ஒரு லிஸ்டர் எஞ்சினை ஹேண்டில் போட்டு ஓடவிட்டேன். கரையில் நின்ற நாலைந்து பேர் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். ‘ஊரில், சின்ன வயதில்’ என்று சொல்லிவைத்தேன். ராத்திரி படுத்த பிறகு அந்தப் பதில் உறுத்தியது. உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று இருந்தது. அதுதான் இந்த மடல். கூடவே ஒரு சந்தேகமும் கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன்.

முதலில் அந்த எஞ்சின் இருக்கும் என் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீளம் 70 அடி. அகலம் 7 அடிக்குக் கொஞ்சம் குறைவு. நம் ஊர் டவுன் பஸ் இரண்டை முன்னும் பின்னுமாக ஒட்டி, அகலத்தில் ஓர் அடியைச் செதுக்கி எடுத்தது போல இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் இங்கே கால்வாய் வெட்டியவர்கள், படகை மேடேற்றி இறக்கும் மதகுத் தொட்டிகளை 7 அடி அகலத்தில் கட்டிவிட்டார்கள். அன்று முதல் இந்தக் கால்வாய்களில் ஓடும் படகெல்லாம் அந்த அளவுக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் போகிறது.

வெகுகாலம் குதிரைதான் இழுத்தது. 1912இல் ஃபெலோஸ் மார்ட்டன் அண்ட் கிளேட்டன் என்ற சரக்குக் கம்பெனி, ஸ்வீடன் நாட்டு பொலிண்டர் எஞ்சினைப் படகில் ஏற்றியது. அந்த எஞ்சினின் கதையைக் கேட்டால் நீங்கள் பீடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பீர்கள். ஒற்றை சிலிண்டர். தலையில் ஒரு குமிழ். ஊதுவிளக்கு வைத்து அந்தக் குமிழைப் பழுக்கக் காய்ச்சினால்தான் எஞ்சின் பிடிக்கும். ரிவர்ஸ் கியரும் கிடையாது. படகு பின்னால் போக வேண்டுமென்றால், எஞ்சின் நின்றுவிடுமோ என்ற அளவுக்குச் சுற்றைக் குறைத்து, சக்கரம் தயங்கும் அந்த நொடியில் எண்ணெயைக் கொடுப்பார்கள். அது அப்படியே எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். நம் கிணற்றில் எஞ்சின் எதிர்ச்சுற்று ஓடினால் அது கோளாறு. இங்கே அதையே வித்தையாக வைத்து வண்டி ஓட்டியிருக்கிறார்கள்.

1930களின் நடுவில் கிராண்ட் யூனியன் கால்வாய்ச் சரக்குக் கம்பெனி நூற்றுக்கணக்கில் படகு கட்டியது. சிலதை வூலிச்சில் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கட்டினார்கள். பெல்ஃபாஸ்டில் டைட்டானிக்கைக் கட்டிய அதே கம்பெனிதான். சிலதை நார்த்விச்சில் யார்வுட்ஸ் கட்டினார்கள். என்னிடம் இருப்பது அந்தக் காலத்துப் படகு. கட்டியபோது உள்ளே நேஷனல் அல்லது ரஸ்ஸல் நியூபெரி எஞ்சின் இருந்திருக்கும். இரட்டை சிலிண்டர், 18 குதிரைத்திறன் அளவில். அதை வைத்துக்கொண்டு, தன் சரக்கையும் பின்னால் கட்டிய எஞ்சினில்லாத இணைப்படகின் சரக்கையும் சேர்த்து 50 டன் இழுத்திருக்கிறது. 50 கிலோ மூட்டையாகக் கணக்குப் போட்டால் 1000 மூட்டை. நம் தோட்டத்து கிர்லோஸ்கர் ஏவி1 எஞ்சின் 5 குதிரைத்திறன். அதில் கிட்டத்தட்ட நாலைச் சேர்த்தால் வரும் திறனில் 1000 மூட்டை!

ரகசியம் சுற்றில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏவி1 நிமிடத்துக்கு 1500 சுற்று. மாவு மில்லில் ஓடிய பெரிய சக்கரத்து லிஸ்டர் 650 சுற்று. அதைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது என்பீர்கள். படகு எஞ்சின் இரண்டுக்கும் நடுவில், 1000 சுற்று. கீழே இருக்கும் விசிறி பெரியது, நிதானமாகத் தண்ணீரைத் தள்ளுவது. வேகம் ஆள் நடக்கும் வேகம்தான். அதற்கு மேல் போனால் அலை அடித்துக் கரை கரையும் என்று இன்றைக்கும் கால்வாயில் மணிக்கு 4 மைல் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

இந்தப் படகுகளின் பின்பக்கத்தில் 10 அடிக்கு 7 அடி அளவில் ஓர் அறை. அடுப்பு, படுக்கை, பிள்ளை குட்டி, எல்லாம் அதற்குள். அந்தப் பிழைப்பும் நீடிக்கவில்லை. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. 1963இல் அரசாங்கப் படகுத் துறை சரக்கு வேலையைக் கைவிட்டது. சவுத்ஹாலில் இருந்த ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுபோன ஒப்பந்தம் 1970 வரை இழுத்துக்கொண்டு போனது. அதோடு கிட்டத்தட்ட சரி.

என் படகுக்கு வருகிறேன். அதில் பழைய எஞ்சின் இல்லை. நடுவில் எப்போதோ ஒருவர் அதை இறக்கிவிட்டு லிஸ்டர் ஜே.பி.2 வைத்திருக்கிறார். அதுவும் இரட்டை சிலிண்டர், கிட்டத்தட்ட அதே திறன், அதுவும் பழைய காலத்துச் சரக்குதான். ஆனாலும் இங்கே சிலர் என்னைப் பார்த்து, இந்தப் படகில் லிஸ்டர் இருப்பது சாமி குற்றம் என்பதுபோல் தலையாட்டுகிறார்கள். கட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டுமாம். நான் ஒப்பவில்லை. படகு பிழைத்துக் கிடந்ததே அந்த லிஸ்டரால்தான். பிழைக்க வைத்ததை இறக்கிவிட்டு எந்த வருடத்தைத் திருப்பிக் கொண்டுவருவது?

உண்மையைச் சொன்னால் நான் படகு வாங்கப் போகவில்லை. மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்தேன். அந்தப் பச்சைப் பெயிண்டும் பித்தளைக் குழாயும் எண்ணெய் வாடையும் கண்ணில் மூக்கில் பட்டதும் நம் தோட்டத்து மோட்டார் ரூம் வந்து நின்றது. விலையைக் கொடுத்துவிட்டேன். இது எல்லாரும் செய்கிற தப்பு. பழைய படகில் மனசு போவது எஞ்சினில், காசு போவது தகட்டில்.

உலர்துறையில் ஏற்றியபோதுதான் அது தெரிந்தது. பரிசோதகர் ஒருவர் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். பிறகு பெயிண்டைச் சுரண்டி, பிசின் தடவி, மீயொலிக் கருவியை வைத்து அளந்தார். கட்டும்போது தகடு கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. மேல் பக்கத்தில் 5.8 இருந்தது. எனக்குச் சந்தோஷம். தண்ணீர்க் கோட்டில் 4.2. காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படும் இடம், அங்கேதான் துரு குடியேறும். கீழ் விளிம்பில் 2.6. அவர் பேனாவை மூடிவிட்டார். காப்பீட்டுக் கம்பெனிகள் இங்கே பொதுவாக 4 மி.மீ.க்குக் குறைந்தால் முகம் கொடுத்துப் பேசாது.

இரும்புத் துகள் வீசிப் பழைய தாரையும் துருவையும் உரித்த அன்றைக்குச் சாயங்காலம் சரக்கு அறைக்குள் இறங்கினேன். உள்ளே இருட்டு. கீழ் விளிம்பு ஓரமாக ஏழெட்டு வெளிச்சப் புள்ளிகள், கார்த்திகை நட்சத்திரம் மாதிரி. இத்தனை வருடம் படகு மிதந்தது இரும்பால் இல்லை. துருவும் தாரும் கைகோத்துத் தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்திருக்கின்றன.

இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்துச் சுற்றிப் பற்றவைத்துவிடலாம். சீக்கிரம் முடியும், சல்லிசு. ஆனால் 6 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ. அடிப்பகுதி முழுக்க இப்படி மூடினால் 2 டன் ஏறும். படகு அந்த அளவுக்கு அமிழும். இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் சிக்கினால் உள்ளுக்குள்ளேயே தின்னும், வெளியே தெரியாது. சொத்தைப் பல்லுக்கு மேலே தங்கக் கூடு போடுகிற வேலை. நான் கெட்ட தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டை வைத்துப் பற்றவைக்கச் சொன்னேன். வெட்ட வெட்ட நல்ல இரும்பு தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கையிருப்பும்.

அதில் ஒரு பாடம் படித்தேன். இந்தப் படகு பற்றவைத்துக் கட்டியதல்ல, ரிவெட் அடித்தது. ஒருவன் ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சிக் கொடுக்க, ஒருவன் உள்ளிருந்து முட்டுக்கொடுக்க, ஒருவன் வெளியிலிருந்து அடித்துத் தலையைப் பரப்புவான். ஆறும்போது ரிவெட் சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடிக்கும். அதன் பக்கத்தில் வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். அதைச் சொல்லியிருந்தார்கள், நான் அவசரப்பட்டேன். புதுத் தகட்டை ரிவெட் வரிசைக்கு ரொம்ப நெருக்கமாக வைக்கச் சொன்னவன் நானேதான். படகைத் தண்ணீரில் இறக்கினோம். பற்றவைத்த இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, யாரும் தொடாத மூன்று ரிவெட்டுகள் அழுதுகொண்டிருந்தன. மறுபடி மேலே ஏற்றி, ரிவெட் தலையைச் சுற்றி வளையமாகப் பற்றவைத்து இறக்கினோம். ஏற்றி இறக்க இரட்டைச் செலவு.

இன்னொரு சங்கதி உங்களுக்குப் புதுசாக இருக்கும். கரையிலிருந்து மின்சார வயரைப் படகுக்குச் செருகினால், எர்த் வயர் வழியாகப் பக்கத்துப் படகுகளோடு நம் படகும் சேர்ந்து, தண்ணீரில் ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடும். இரும்பைக் காக்கப் பக்கவாட்டில் மெக்னீசியக் கட்டிகள் வைத்திருப்போம். இரும்புக்குப் பதில் அவை கரையும். பக்கத்துப் படகுக்காரன் கட்டி வைக்காமல் விட்டிருந்தால், நம் கட்டி அவன் இரும்பையும் சேர்த்துக் காத்துக் கரைந்து தீர்ந்துவிடும். அடுத்த வீட்டுக்காரன் கடனுக்கு நம் வீட்டு நகையை அடகு வைத்த கதை. எர்த் வயரில் ஒரு தடுப்புக் கருவி போட்டால் தப்பிக்கலாம். போட்டிருக்கிறேன்.

இனி எஞ்சின். இதை நீங்கள் கேட்க வேண்டும்.

நம் தோட்டத்தில் எஞ்சினை நிறுத்தியதும் புகைக்குழாய் வாயில் சிரட்டையைக் கவிழ்ப்போம். டால்டா டப்பா வைத்தவர்களும் உண்டு. இங்கேயும் அப்படித்தான், கூரைக்கு மேலே செங்குத்தாக நிற்கும் குழாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்க்கிறார்கள். என் படகில் அந்த டப்பா எப்போதோ காற்றில் பறந்துபோயிருக்கிறது. 11 வருட மழை. ஒரு சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருந்ததால் தப்பித்தது. இன்னொன்றில் வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கிறது. தண்ணீர் நேரே பிஸ்டன் தலைமேல். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே செங்காவி நிறத்தில் சேறு. பிஸ்டனும் லைனரும் ஒரே இரும்பாக ஒட்டிக் கிடந்தன.

இங்கே பழக்கமான ஒருவர் பெரிய சுத்தியலோடு வந்தார். நான் வேண்டாம் என்றேன். எங்கள் தோட்டத்துக்கு வரும் அண்ணாச்சிக்கு ஒரு காது கேட்காது. இப்படி ஒட்டிய எஞ்சினைப் பார்த்தால் அவர் சுத்தியலைத் தொடவே மாட்டார். டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு, ‘நாளைக்கு வாரேன்’ என்று போய்விடுவார். நாளைக்கு வந்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். அப்பா திட்டிக்கொண்டே இருப்பார், மிளகாய் வாடிக்கொண்டே இருக்கும். நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ, பிஸ்டன் தலையில் ஒரு கட்டையை வைத்து, கதவு தட்டுவது போலத் தட்டுவார். அப்புறம் சக்கரத்தைப் பிடித்து முன்னால் ஒரு நூல், பின்னால் ஒரு நூல். நான் அதையே ஐந்து வாரம் செய்தேன். ஆறாவது வாரம் ஒரு சனிக்கிழமை, சக்கரத்தில் சாக்பீஸால் போட்டிருந்த கோடு அரை விரல் நகர்ந்தது. அந்த இடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பிறகு எல்லாம் உங்களுக்குப் பழகிய வேலை. லைனரைத் தேய்த்து, ரிங் மாற்றி, வால்வை லேப் போட்டேன். ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி பார்க்க மெல்லிசான ஈயக் கம்பியை உள்ளே வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியை எடுத்து அளந்தேன். இங்கே உள்ள கையேட்டிலும் அதேதான் எழுதியிருக்கிறது. நீங்கள் அளக்காமல் கம்பியை விரலால் நெருடியே சொல்லிவிடுவீர்கள். எனக்கு மைக்ரோமீட்டர் தேவைப்பட்டது.

தண்ணீர் ஜாக்கெட்டைத் திறந்தால் அரை வாளி கால்வாய்ச் சேறு. நம் எஞ்சினைக் கிணற்றுத் தண்ணீரே குளிரவைத்துவிடும், பம்பிலிருந்து ஒரு சின்னக் குழாய் பிரிந்து வரும், அவ்வளவுதான். இங்கே கால்வாய்த் தண்ணீரை அப்படி எடுத்தால் சேறும் பிளாஸ்டிக்கும் வந்து அடைக்கிறது. அதனால் படகின் பக்கத் தகட்டோடு ஒட்டி உள்ளே ஒரு தட்டைத் தொட்டி வைத்துவிட்டேன். எஞ்சின் தண்ணீர் அதற்குள் சுற்றி, வெளியே உள்ள தண்ணீரின் குளிரில் ஆறித் திரும்பும்.

ஒன்று மட்டும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். புகைக்குழாயில் வெள்ளையாக ஒரு கயிறு சுற்றியிருந்தது. கல்நார். இங்கே அதைத் தொட விடவில்லை. முகமூடியும் காகித உடையும் போட்ட ஆட்கள் வந்து, நனைத்து, பையில் கட்டி எடுத்துப்போனார்கள். நீங்கள் இதே கயிற்றை வெறும் கையால் பிய்த்துப் போட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பழைய கேஸ்கட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தூசியை வாயால் ஊதியதையும். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் பல வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். உங்களில் யாருக்காவது விடாத இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் டாக்டரிடம் இந்த வேலை பார்த்ததைச் சொல்லுங்கள். பீடியால்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஓடவிட்ட நாளுக்கு வருகிறேன். டீசல் லைனில் ஏர் எடுத்தேன். இரண்டு டீகம்ப்ரஷன் லீவரையும் தூக்கிவிட்டு, ஹேண்டிலை மாட்டினேன். கட்டைவிரலை மற்ற நாலு விரலோடு சேர்த்து வைத்தேன். சுற்றிப் பிடித்தால் எஞ்சின் எதிர்த்து அடிக்கும்போது விரல் போய்விடும் என்று அந்த அண்ணாச்சி என் பிடரியில் ஓர் அடி வைத்துச் சொல்லிக்கொடுத்தது. மெதுவாகச் சுற்றினேன். நாசில் கொர்ர் என்று முனகியது, முதலில் ஒன்று, அப்புறம் மற்றது. அந்த முனகல் கேட்காமல் வேகமாகச் சுற்றுவது வீண் வேலை என்பீர்கள். இரண்டும் முனகிய பிறகு மூச்சைப் பிடித்து வேகம் ஏற்றி ஒரு லீவரை இறக்கினேன். டப். ஒரு வெள்ளைப் புகை. டப், டப். இரண்டாவது லீவரையும் இறக்கினேன். அப்புறம் என் கை தேவைப்படவில்லை.

அந்த ஓசையைக் கேட்கத்தான் கரையில் ஆட்கள் நின்றார்கள். இந்த நாட்டில் இதற்கென்று விழா நடத்துகிறார்கள், பழைய எஞ்சின் படகுகளை வரிசையாக நிறுத்தி ஓடவிட்டுக் கேட்கிறார்கள். எல்ஸ்மியர் போர்ட்டில் இருக்கும் நீர்வழி அருங்காட்சியகத்தில் எஞ்சின்களைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருக்கிறார்கள். லிஸ்டர் கம்பெனி இருந்த தர்ஸ்லி ஊரில் அந்தப் பெரிய சக்கரத்து சி.எஸ். எஞ்சின் செய்வதை 1980களிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் குஜராத்தில் ராஜ்கோட்டுக்காரர்கள் அதே அச்சில் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கு இங்கே ஒருவர் தன் சி.எஸ்.ஸுக்கு உதிரி தேடினால் அது ராஜ்கோட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

நம் ஊரில் இலவச மின்சாரம் வந்த பிறகு எஞ்சின்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அதைக் குறை சொல்லமாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஹேண்டில் போட்டு, புகையில் இருமி, டீசலுக்குக் கடன் வாங்கிய எங்கள் அப்பாவைக் கேட்டால், ஒழிந்தது சனியன் என்பார். ஆனால் எஞ்சின் போனபோது நீங்களும் போனீர்கள். ஒருவர் தேநீர்க் கடை வைத்தார், ஒருவர் மகனோடு திருப்பூர் போனார் என்று கேள்விப்பட்டேன். உங்கள் கைக்குள் இருந்ததை யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. இங்கே அதற்கு மணிக்கணக்கில் சம்பளம் தருகிறார்கள். அதைக் கற்றுக்கொள்ள வார இறுதி வகுப்புக்குக் காசு கட்டி வருகிறார்கள். உங்களில் யாரிடமாவது இன்னும் ஓடும் நிலையில் ஓர் எஞ்சின் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் பேரப்பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ஒருமுறை பிரித்துப் பூட்டிக் காட்டுங்கள். பள்ளிக்கூட விடுமுறையில் செய்தால் போதும்.

இப்போது என் சந்தேகம்.

எஞ்சின் நன்றாகப் பிடிக்கிறது, நன்றாக இழுக்கிறது. ஆனால் ஓடி 20 நிமிடம் ஆகிச் சூடேறியதும், லோடு இல்லாமல் நிற்கும்போது சுற்று ஏறி இறங்குகிறது. மூச்சு வாங்குவது போல. ஏர் இல்லை, பார்த்துவிட்டேன். ஃபில்டர் புதுசு. பம்பின் ராடு சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. கவர்னர் ஸ்பிரிங்கைத்தான் சந்தேகப்படுகிறேன், ஆனால் தொடப் பயமாக இருக்கிறது.

எங்கள் ஏவி1 ஒரு பங்குனியில் இதே மாதிரி மூச்சு வாங்கியது. ஒரு காது கேட்காத அந்த அண்ணாச்சி ஸ்குரூடிரைவர் முனையை எஞ்சின் உடம்பில் வைத்து, பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம் கவர்னர் மூடியைத் திறந்து ஏதோ ஒன்று செய்தார். இரண்டு நிமிட வேலைதான். அந்த நேரம் பார்த்து அப்பா என்னை டீ வாங்க அனுப்பிவிட்டார். தூக்குச்சட்டியோடு திரும்பி வரும்போது எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அவர் இப்போது இல்லை. அவரிடம் தொழில் பழகியவர்கள் உங்களில் இருப்பீர்கள். அவர் அன்றைக்கு என்ன செய்தார்?

இப்படிக்கு,
மண்ணெண்ணெய்ச் சட்டிப் பொடியன்